இராசமலரின் மாவும் புது பாய்லரும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்திருக்கலாம். புகை அலாரம் கத்தும் என்பதால், கொளுத்தாத கற்பூரத்தின் மேல் சத்தியம்.

நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில், த்ரீ கிங்ஸ் பகுதியில், ஓய்வுபெற்ற பஸ் சாரதி இரத்தினசிங்கத்தின் கராஜில் ஒரு டீசல் பாய்லர் இருந்தது. பசுவின் பருமன், எருமையின் குரல். தண்ணீரைச் சுடவைத்து அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்புவது அதன் வேலை. அனுப்பியது கொஞ்சம், மிச்சச் சூடெல்லாம் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போனது. ஓக்லாந்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று குளிர்காலத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. அந்தப் புகைபோக்கியின் ஓரத்தில் நின்றதோ கூரைக்கு மேலே போய்விட்டது. நடுக்குளிர் யூலையிலும் ஏணி வைத்து இலை பறித்தார்கள். வெயில் தேடி வடக்கே பறக்கும் கடற்பறவைகள் பயணத்தை ரத்துச் செய்துவிட்டு அங்கேயே குடியிருந்தன. வீட்டுக்குள் இரத்தினசிங்கம் மட்டும் இரண்டு ஸ்வெட்டரும் பழைய சாரதிக் கோட்டும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு நாளாவது சாப்பிடவேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். அதற்குப் புது பாய்லர் வேண்டும்; குறுக்கே நின்றவள் மனைவி இராசமலர். பழைய பாய்லரின் முதுகு எப்போதும் கொதிக்கும். அதன்மேல் மாவுப் பானையான சருவத்தை வைத்தால் எந்தக் குளிரிலும் தோசை மாவு பொங்கும். வருகிற ஞாயிறு கோயிலில் அவளுடைய தோசை.

"அதைக் கழட்டினா என்ர மா எங்கை பொங்கிறது? உங்கட தலையிலையோ?"

"புதுசிலையும் பொங்குமப்பா. பொங்காட்டி பழசையே திருப்பிப் பூட்டுறன். பிறகு குளிர் எண்டு வாயே திறக்கமாட்டன்."

"நூறு பேர் வருவினம். உங்கட வாயை நம்பித்தான் மா அரைக்கிறன்."

வியாழக்கிழமை பாஸ்கரன் வந்தார். திருச்சிக்காரர், பாய்லர் பூட்டுவதே தொழில். ஆறு பேர் சேர்ந்து பழசைத் தூக்கினார்கள். பாரம் இறங்கியதும் வீடு நான்கு அங்குலம் மேலெழுந்தது. முன்கதவுக்குப் புதிதாக ஒரு படி கட்டவேண்டி வந்தது. புது பாய்லர் ஒரு சூட்கேஸ் அளவு, கராஜ் சுவரில் தொங்கியது.

"புகையோட போற சூட்டையும் பிடிச்சு உள்ளயே திருப்பிடும் அங்கிள். ஒண்ணும் வீணாகாது. ஆன்ட்டி, தொட்டுப் பாருங்க."

இராசமலர் தொட்டாள். "சில்லெண்டு கிடக்கு."

"ஆமா ஆன்ட்டி, அதான் இதோட பெருமையே."

"உங்கட பெருமையில மா புளிக்குமோ தம்பி?"

பாஸ்கரன் திருகாணிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மாவு அரைத்து, புது பாய்லருக்கு அடியில் ஸ்டூல் போட்டுச் சருவத்தை வைத்தாள். மத்தியானம் மூடியைத் திறந்தபோது மாவு வைத்தபடியே இருந்தது.

"இஞ்சேருங்கோ, பழசை எங்கை கொண்டுபோய்ப் போட்டவை?"

இரத்தினசிங்கம் பாஸ்கரனுக்கு ஃபோன் போட்டார்.

"சூடு எங்கயும் போகலை அங்கிள். பாய்லர்ல நிக்காது, ரேடியேட்டர்லதான் இருக்கும். மாவை அங்க கொண்டுபோங்க."

மற்ற அறைகளின் ரேடியேட்டர்களை மூடினார். முழுச் சூட்டையும் வரவேற்பறைக்குத் திருப்பினார். சருவத்தை அங்கே தூக்கிவந்து வைத்து, தன் சாரதிக் கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்தி, பொத்தான்களையும் பூட்டிவிட்டார்.

மூன்று மணிக்கு மூடி கிணுகிணுத்தது. மூன்றரைக்குப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன; ஒன்று இன்னும் கூரையில் பதிந்திருக்கிறது. நான்கு மணிக்கு மாவு முன்கதவைத் தள்ளித் திறந்து, புதுப் படியில் நிதானமாக இறங்கி, பஸ் தரிப்பில் போய் நின்றது. கோட்டோடு நின்றதால் யாரோ மூத்த சாரதி என்று நினைத்த பஸ்காரன், அது ஏற வசதியாக பஸ்ஸின் வாசல் பக்கத்தைத் தாழ்த்திக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, அது போய் இறங்கிய கோயிலில் நாலாயிரம் பேர் தோசை சாப்பிட்டார்கள். நகரின் தெற்கே பாபகூராவிலிருந்து ரயிலில் வாளியோடு வந்தவர்களும் வெறுங்கையோடு திரும்பவில்லை. இராசமலர் மாவில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"பதம் சரி," என்றாள். விரலைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பெட்டி சுவரிலையே கிடக்கட்டும்."

அன்று மாலை இரத்தினசிங்கம் வெறும் பனியனோடு மேசையில் உட்கார்ந்து ஒன்பது தோசை சாப்பிட்டார்.

"இன்னும் ஒண்டு போடட்டோ?"

"போடும். அதுக்கு முதல் அந்த ஜன்னலைத் திறவுமப்பா, வேர்க்குது."

அந்த வீட்டில் இன்றுவரை எந்தப் பாய்லரும் இருந்ததில்லை. வரவேற்பறைச் சுவரில் சூட்டுக்காற்று ஊதும் ஒரு ஹீட் பம்ப் மட்டும் இருக்கிறது. கற்பூரம்தான் கொளுத்தவில்லையே.