வீட்டை வெட்டிய படம்

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. எந்தப் பயணப் படம் பார்த்தவர்களும் முடிவில் ஒன்றையே கேட்கிறார்கள்: கிளம்பிப் போன பிள்ளை ஏன் திரும்பி வரவில்லை?

முதல் வரி இப்படி இருந்தது: காரைக்குடி வெயிலில் ஒரு ஸ்கூட்டர்

(விட்டுவிட்டேன். வெயில் எல்லா ஊரிலும் இருக்கிறது.)

2

துர்காதேவி எடுத்த முதல் படத்தில், கல்லூரி சேரும் வயதுப் பெண் ஒருத்தி கீழச்சிவல்பட்டியின் பெரிய வீடொன்றிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்புகிறாள். போய்க்கொண்டே இருக்கிறாள்.

படப்பிடிப்புக்கு வீட்டைக் கொடுத்தவர் குமரப்பன். வாடகை வேண்டாம் என்றார். வீட்டுக் காட்சிகளை வெளியிடுவதற்கான சம்மதக் கையெழுத்தை மட்டும் படம் பார்த்த பிறகு போடுவதாகச் சொல்லியிருந்தார்.

அமராவதிபுதூர்க் கல்யாண மண்டபத்தில் திரையிட்டார்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் எத்தனையோ படங்கள் எடுத்தாயிற்று. இங்கே படம் பார்ப்பது என்றால் வீட்டைக் கண்டுபிடிப்பது. யார் வீட்டுத் தூண், எந்த முற்றம் என்று மண்டபமே பேசியது. ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் பாதிப் பேர் காப்பிக்கு எழுந்தார்கள். வீடு முடிந்தது, படம் முடிந்தது.

(அவர்களைக் கேலி செய்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். எழாதவர்களும் தங்களுக்கு வேண்டியதைத்தான் தேடினார்கள்.)

3

குமரப்பன் கடைசிவரை இருந்தார். பிறகு துர்காதேவியிடம் வந்தார்.

“பிள்ளை திரும்பி வரட்டும் ஆத்தா. நாளைக்கே வீட்டுல வந்து எடு. கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

“அவ வரமாட்டா ஐயா.”

“வெறும் ரோட்டை யாரு பாப்பா? எங்க வீட்டைப் பாக்கத்தான் சனம் வரும்.”

“அப்ப வீட்டை நீங்களே வச்சுக்கங்க.”

“வீடு இல்லாம எங்குட்டு ஆரம்பிப்ப?”

“ரோட்டுல.”

4

இங்கே துர்காதேவியைச் சந்தேகித்தேன். அவள் எடுத்ததிலேயே அழகான பகுதி அந்த வீடுதான். யாராவது வெட்டுவார்களா? ஒரு சமரசம் எழுதிப் பார்த்தேன்: கடைசியில் வீட்டுக் கதவு மட்டும் திறக்கும், அந்தப் பிள்ளை வந்தாளா என்பது

(இல்லை. கோழையின் முடிவு.)

வெட்டினாள். ஒரு காட்சியாவது இருக்கட்டும் என்று எடிட்டர் அருள்பாண்டி கெஞ்சிப் பார்த்தான். முற்றத்தின் ஓரம்கூட மிஞ்சவில்லை.

5

மறுபடி அதே மண்டபம். வெட்டியிருக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் குமரப்பன் முன்வரிசையில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. நேரே சாலை.

பின்னாலிருந்து யாரோ பக்கத்தவரைக் கேட்டார்: “யாரு வீட்டுப் பிள்ளை இது?”

குமரப்பன் எழுந்து போனார் என்று ஒரு முடிவு எழுதினேன். அசையாமல் பார்த்தார் என்று இன்னொன்று. இரண்டிலும் படத்துக்குத் தீர்ப்பு அவர்தான் சொன்னார். துர்காதேவியோ அவர் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

அவருடைய முன்வரிசை நாற்காலியில் இப்போது நீங்கள். இருங்கள், அல்லது எழுந்து போங்கள். படம் ஓடும்.