சைடு விங்கில் நின்ற மண்ணாங்கட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, காணும் பொங்கலன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேடையின் வலது பக்கத் தட்டிக்குப் பின்னால் போய் நின்ற, அடி அண்ணாமலை கிராமத்து மண்ணாங்கட்டி, எண்பத்து நாலாம் வருடம் ஐப்பசியில்தான் மேடைக்குள் வந்து சேர்ந்தான். நடுவில் இரண்டு எலெக்‌ஷன் வந்து போயின, மண்ணெண்ணெய் மூன்று முறை விலை ஏறியது, மலைமேல் ஆறு தீபம் எரிந்து அணைந்தது. போனவன் தூர தேசம் எங்கும் போகவில்லை. தட்டிக்குப் பின்னால்தான் நின்றான். அவன் பெண்டாட்டி எல்லம்மாளுக்கு அதுதான் ஆத்திரம். சாமியாராகப் போயிருந்தால்கூட இந்த ஊரில் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

எல்லாம் கஸ்தூரி டீச்சர் ஆரம்பித்த வகுப்பால் வந்தது. மெட்ராஸில் ஆறு மாதம் நாடகம் படித்துவிட்டு வந்த இருபத்து நாலு வயசுப் பெண் அவள். செங்கம் ரோட்டில் இராமலிங்கத்தின் அரிசி மில் கொட்டகையில் ‘நாடகப் பயிற்சி, ஆரம்ப நிலை’ என்று போர்டு மாட்டினாள். ஒன்பது பேர் சேர்ந்தார்கள். எந்த நாடகமானாலும் ஜமீன்தார் வேஷம் தனக்கே என்ற ஒரே நிபந்தனையில் இராமலிங்கம் கொட்டகையைச் சும்மா கொடுத்தார். மில்லுக்கு நெல் வண்டி ஓட்டி வந்த மண்ணாங்கட்டியை, தந்தி கொண்டுவரும் வேலைக்காரனாக நடிக்க ஆள் இல்லாததால் மாட்டோடு நிறுத்திச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் பாடம் க்யூ. “முன்னாடி பேசறவரோட கடைசி வார்த்தைதான் உங்க க்யூ. அது காதுல விழாம, மலையே பொரண்டு வந்தாலும் மேடைல கால் வெக்கக் கூடாது” என்றாள் கஸ்தூரி. எழுதத் தெரிந்த எட்டுப் பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டு மறந்துபோனார்கள். எழுதத் தெரியாத மண்ணாங்கட்டி, மலையைப் பார்த்துக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான். இந்த ஊரில் மலையைப் பார்த்துச் செய்த சத்தியத்தைக் கோர்ட்டுகூட மறு விசாரணைக்கு எடுப்பதில்லை.

நாடகம் சின்னதுதான். ஊருக்குப் போன வேலைக்காரனைக் காணாமல் ஜமீன்தார் மனசு உடைந்து, “இனி அவன் வரவே மாட்டான்!” என்று நாற்காலியில் சாய்வார். உடனே வேலைக்காரன் நுழைந்து, “எஜமான், தந்தி!” என்பான். கஸ்தூரிக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்று. இராமலிங்கத்துக்குக் கருநாக்கு. நுனியில் நாவல்பழக் கறை போல ஒரு மச்சம். ஒரு தரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, “இந்த வண்டி எங்க போளூர் போய்ச் சேரப் போவுது” என்றார். அந்த பஸ் இன்றைக்கும் ஏரிக்கரையில் நிற்கிறது, டிரைவர் சீட்டில் கோழி அடைகாக்கிறது. அதனால் ஒத்திகையில் அந்த வசனம் வரும்போதெல்லாம் அவர் “டும் டும் டும்” என்று சொல்லிச் சமாளித்துவந்தார். தொண்டையைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்று டீச்சர் நினைத்தாள்.

காணும் பொங்கலன்று ஆயிரம் பேர் திரண்டார்கள். கொட்டகை கொள்வது இருநூறு பேரை. மீதிப் பேர் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்கக் கூடாது. முன்வரிசையில் எல்லம்மாள், புதுப்புடவையும் எட்டணா அகலத்துக்குப் பொட்டுமாக. இராமலிங்கம் ஜமீன்தார் மீசையைத் தடவி, “இனி அவன்...” என்று வாயெடுத்தார். எல்லம்மாள் எழுந்துவிட்டாள். “மில்லுக்காரரே! அந்த நாக்கால எம்புருசனச் சொன்னே, நாக்கு இருக்காது!” இராமலிங்கம் மீசையை விட்டுவிட்டார். கைகூப்பி, “இனி அவன் நல்லபடியா வந்துருவான்! மங்களமா வந்துருவான்!” என்று முடித்தார். கைதட்டலில் ஓடு பறந்தது. திரை விழுந்தது. மண்ணாங்கட்டி வரவில்லை. தட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். காலி கோணிச் சாக்குகள் இருந்தன, பீடிப் புகை இருந்தது, ஒரு இருமல் இருந்தது. ஆள் மட்டும் கண்ணில் படவில்லை. தட்டி மறைவில், அதாவது விங்கில், நிற்பவன் பார்வையாளர் கண்ணில் படக் கூடாது, பேசவும் கூடாது என்பது இரண்டாம் பாடம். அதையும் அவன் சரியாகத்தான் படித்திருந்தான்.

எல்லம்மாள் அழுது முடித்துவிட்டுச் சோறு கொண்டுவந்தாள். மேடையின் வலது பக்கம் என்றார்களே என்று தன் வலது கைப் பக்கம் வைத்துவிட்டுப் போனாள். காலையில் தட்டு காலி. நாற்பது நாள் இப்படி. மில் நாய் கன்றுக்குட்டி அளவுக்குப் பெருத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மேடையில் வலது என்பது நடிப்பவனுக்கு வலது, பார்ப்பவனுக்கு இடது. “இத மொதல்லயே சொல்றதுக்கென்ன டீச்சர்? அந்த மனுசன் நாப்பது நாளா பீடியக் குடிச்சே உயிரோட கெடக்கறாரு!” என்று சண்டை போட்டுவிட்டு, அன்றைக்கே வகுப்பில் சேர்ந்தாள். புருஷன் மாட்டிக்கொண்ட இடத்தின் சட்டதிட்டம் தெரியாமல் அவனை எப்படி மீட்பது?

அதற்குப் பிறகு சோறு சரியான பக்கம் போயிற்று, தட்டு நக்கி வழித்து வந்தது. ஒரு இருமல் என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமனுக்கு வேட்டி எடுக்கலாமா என்று தட்டியிடம்தான் கேட்டாள், இரண்டு இருமல் வந்தது. செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் நாலு மாதம் அந்தத் தட்டிக்கு எதிரே கண்மூடி உட்கார்ந்து, இருமலைக் கேட்டு மனம் தெளிந்து ஊருக்குப் போனார். அங்கே ஏழாயிரம் பேர் இப்போது காலையில் எழுந்ததும் இருமுகிறார்கள் என்று கடிதம் வந்தது.

வகுப்பில் எல்லம்மாள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். மேடைக்கும் ஜனத்துக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத நாலாவது சுவர் இருக்கிறது என்று கஸ்தூரி சொன்ன மறுநாள், அதில் முட்டி ஒரு ஆட்டுக்குக் கொம்பு போயிற்று. ‘ஃப்ரீஸ்’ என்றால் அப்படியே நிற்க வேண்டும் என்று பாடம் நடந்தபோது, மில் பெல்ட்டும் சேர்ந்து நின்றுவிட்டது. க்யூவையும் முயன்று பார்க்காமல் இல்லை. பிராம்ப்டர் இடத்தில் உட்கார்ந்து கஸ்தூரியே அந்த வசனத்தை வாசித்தாள். இரண்டு இருமல். மைக்கில் சொன்னாள். இரண்டு இருமல், கொஞ்சம் எரிச்சலோடு. எடுத்துக் கொடுப்பவர் சொன்னால் அது க்யூ ஆகாது, பாத்திரம் சொல்ல வேண்டும். பாத்திரமோ இராமலிங்கம். அவர் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு தலையாட்டினார்.

“சொல்றது ஜமீன்தாரு, இராமலிங்கம் இல்ல. நடிகன் வேற, பாத்திரம் வேற” என்று கஸ்தூரி விளக்கினாள்.

“நாக்கு?” என்றாள் எல்லம்மாள். “நாக்கு யாருது டீச்சர்?”

கஸ்தூரி மெட்ராஸ் நோட்டை முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தாள். ஊரிலும் ஒருத்தர் அந்த வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. வாசல் தாண்டும்போது ‘போறேன்’ என்றுகூடச் சொல்லாமல் ‘வரேன்’ என்று சொல்லும் ஜனம், காணாமல்போனவனை வரமாட்டான் என்று சொல்லுமா? குழாயடிச் சண்டையில் பச்சையம்மாள் ஒரு தரம், “போடி, உன் ஊட்டுக்காரன் வரவே மா...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, “...மாரியாத்தா புண்ணியத்துல வந்துடுவான்” என்று முடித்தாள். இப்படி ஊர் மொத்தமும் நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லியே அவனை ஆறு வருடம் உள்ளே நிறுத்திவைத்தது.

எண்பத்து நாலில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற ஆட்கள் சேர ஆரம்பித்ததும் இராமலிங்கத்துக்கு லாட்ஜ் கட்டும் ஆசை வந்தது. ஐப்பசி முடிவதற்குள் கொட்டகையைப் பிரிக்க நாள் குறித்தார். “எல்லம்மா, என்மேல கோவப்படாத. உங்க ஊட்டுக்காரருக்கு மாடில ஒரு ரூமு தரேன்” என்றார். “விங்கே இல்லன்னா அவரு எதுலய்யா நிப்பாரு?” என்று கேட்டாள் எல்லம்மாள். பிரிக்கும் நாள் காலையில் கடப்பாரையோடு ஆறு பேர் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் இராமலிங்கத்தின் ஜமீன்தார் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். மீசையையும் ஒட்டிக்கொண்டு மேடை ஏறினாள். பயத்தில் அவள் கை கோட்டுக்குள் தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இது வெறும் வசனமாக இருந்தால் அவன் வருவான். வார்த்தையாகப் பலித்துவிட்டால், கட்டியவளே கட்டியவனை அனுப்பிவைத்தவள் ஆவாள்.

“இனி அவரு வரவே மாட்டாரு...” என்றாள், அழுகையோடு. இரண்டு இருமல்.

“எழுதினபடி சொல்லுங்க. ஜமீன்தார் வேலைக்காரனுக்கு மரியாதை குடுக்க மாட்டாரு” என்றாள் கஸ்தூரி கீழேயிருந்து. “அப்புறம், அவன் வருவான்னு உள்ளுக்குள்ள வெச்சிக்கிட்டுச் சொல்றீங்க. நெசமா நம்பிச் சொல்லணும்.”

முதல் கடப்பாரை சுவரில் விழுந்தது. எல்லம்மாள் கண்ணை மூடினாள். ஒழுகுகிற கூரை ஞாபகம் வந்தது. ஏர் பிடிக்க ஆளில்லாமல் போன இரண்டு போகம், காது குத்தலில் அப்பன் உட்காரும் இடத்தில் வைத்த கோணிச் சாக்கு, ஆறே முக்கால் வருடமாக இருமலோடு நடத்திய குடித்தனம், எல்லாம் வந்தது. தாலியிலிருந்து கை தானாக நழுவியது. கண்ணைத் திறந்து, இனி எவனையும் எதிர்பார்க்காத ஜமீன்தாராக, கொட்டகை அதிரச் சொன்னாள்: “இனி அவன் வரவே மாட்டான்!”

கடப்பாரைகள் நின்றன. தட்டி அசைந்தது. மண்ணாங்கட்டி, நடிப்பவனுக்கு வலது பக்கத்திலிருந்து, போனபோது இருந்த அதே வயசோடு, தலையில் உமியும் கையில் காகிதமுமாக உள்ளே வந்து, “எஜமான், தந்தி!” என்றான். வசனத்தில் ஒரு எழுத்துப் பிசகவில்லை. எதிரே நிற்பது தன் பெண்டாட்டி என்று அவனுக்குத் தெரியவில்லை. மீசை அவ்வளவு பொருத்தம். எல்லம்மாள் தந்தியைப் பிரித்தாள். அது வெறும் தாள், மேடைச் சாமான். அவளுக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. ஆனால் எழுதாத வசனத்தை நின்ற இடத்தில் உண்டாக்கிப் பேசுவதுதான் அந்த வாரப் பாடம். தாளைப் பார்த்து வாசித்தாள்: “‘உம் பொண்டாட்டி சோறாக்கி வெச்சிருக்கா. நேரா ஊட்டுக்குப் போ.’”

“தோ, போறேன் எஜமான்” என்றான் மண்ணாங்கட்டி. “ஆனா நீங்க ரொம்ப லேட்டாச் சொன்னீங்க. கால் மரத்துப் போச்சு.”

திரையை இறக்கினார்கள். அதன் பிறகு கொட்டகையைப் பிரித்தார்கள், லாட்ஜ் எழுந்தது. மண்ணாங்கட்டி பெண்டாட்டியைவிட நாலு வயசு சின்னவன் ஆகிவிட்டதைப் பற்றி ரேஷன் கடையில் இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் பாமாயில் வந்தது, விட்டுவிட்டார்கள். ஊர் முழுக்க இன்றைக்கும், வெளியே கிளம்புகிறவரைப் ‘போய்ட்டு வாங்க’ என்றுதான் அனுப்புகிறார்கள். எல்லம்மாளின் தெருவில் மட்டும், புருஷன் டீ குடிக்கக் கிளம்பினால் உள்ளேயிருந்து பெண்டாட்டி, “இனி அவன் வரவே மாட்டான்!” என்று சத்தமாகச் சொல்கிறாள். உலை கொதிப்பதற்குள் திரும்பி வந்துவிடுகிறார்கள்.