முன்பக்கம் சத்தம் போகக்கூடாது

ஜீப்ரா மீன் முட்டைக்குள்ள மூளை உருவாகறப்ப, வால் பக்கத்து ஜீன் கத்துறது ஆராய்ச்சிக்கூடம் பூராவும் கேக்கும். "பின்பக்கமா ஆகு! பின்பக்கமா ஆகு!"ன்னு, துறைமுகத்துல மீன் ஏலம் விடுறவர் குரல்ல கத்தும். அந்தச் சத்தம் எட்டுன இடமெல்லாம் பின்மூளை, முதுகு, வால். எட்டாத இடம்தான் முன்மூளை. கண்ணு அதுலேர்ந்துதான் வரும். அதுக்காகவே தலைப்பக்கம் இன்னொரு ஜீன் நின்னு சத்தத்த மறிச்சுக்கிட்டே இருக்கும்.

விஜிலாகிட்ட இருந்த முட்டைக்கு மறிக்கிற ஜீன் வரல.

அவளால ஒரு இடத்துல உக்கார முடியல. மைக்ராஸ்கோப்புக்கும் சன்னலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தா. இதே ஜோடி மீன் முன்னாடி போட்ட முட்டையெல்லாம் பொரிச்சு, கண்ணில்லாம தொட்டிக் கண்ணாடியில முட்டி முட்டித் திரும்புது. இந்த ஒத்த முட்டையப் போட்டுட்டு ஜோடியும் செத்துப்போச்சு. இது ஒண்ணுக்காவது கண்ணு வேணும்.

முட்டை இருந்த கிண்ணத்துப் பக்கம் குனிஞ்சு, கத்துற ஜீன்கிட்ட சொன்னா: "அண்ணே, கொஞ்சம் மெதுவா."

"மெதுவாக் கத்துனா வால் வராது தங்கச்சி. வாலில்லாத மீன வச்சு என்ன செய்வ, குழம்பு வைப்பியா?"

"எனக்குக் கண்ணும் வேணும்ணே."

"அப்ப மறிக்க ஆளக் கொண்டா." மறுபடியும் கத்த ஆரம்பிச்சிருச்சு.

பக்கத்து மேசையில ஆராய்ச்சி பண்ற மெர்வின் உளுந்தவடையக் கீழ வச்சான். "ஏ மக்கா, நீ நடந்து தரை தேயுது. தள்ளு, நான் நிக்கேன்."

"நீ தாங்குவியா?"

"நம்ம புரொபசர் சார் மூணு வருசமா என் காதுல கத்துறாரு. எனக்கு என்ன ஏறிருக்கு?"

கிண்ணத்துல கருவோட தலைப்பக்கமா காத வச்சுக்கிட்டான். முன்பக்கமா வந்த சத்தம் பூரா அவனுக்குள்ள போச்சு. விஜிலா மைக்ராஸ்கோப்புல பாத்தா, நிமிந்தா, திரும்பப் பாத்தா.

"கண்ணு வந்துட்டா?"

"அசையாத."

"வடையாவது ஊட்டி விடு."

"அசையாதங்கேன்ல!"

சாயங்காலம் கருவோட தலை ரெண்டு பக்கமும் புடைச்சுது. கண்ணேதான். வாலுக்கும் மொளை விட்டிருந்துச்சு. விஜிலா அன்னைக்கு மொத தடவையா உக்காந்தா.

திரும்பிப் போற பஸ்ல கூட்டம். ரெண்டு பேருக்கும் கதவோரத்து சீட்டுதான் கெடச்சுது. கண்டக்டர் விசிலடிக்காம எட்டிப் பாத்தாரு.

"தம்பி, வால உள்ள எடுங்க. கதவச் சாத்தணும்."

மெர்வின் "சாரிண்ணே"ன்னு அத உள்ள இழுத்து, மடியில சுருட்டி வச்சுக்கிட்டான். விஜிலா கொஞ்சம் நகந்து இடம் விட்டா.