பூட்டோடு வந்த கதவு

பசுமைக் கட்டடம் என்றால் சும்மாவா? பழைய செங்கல், பழைய மரம், எது வந்தாலும் அதற்கு ஜாதகம் கேட்பார்கள்: எந்த ஊர், எந்த வீடு, எப்போது இடித்தது. முடிச்சூரில் எழும்பிக்கொண்டிருந்த ஏரி அருங்காட்சியகத்துக்கு அதையெல்லாம் எழுதுவது கட்டுமானப் பொறுப்பாளர் சின்மயியின் வேலை. ஒரு வரி விடாமல் எழுதுகிறவள்தான். ஒரு கதவுக்கு மட்டும் மூன்று நாளாக அந்த இடம் காலியாகக் கிடந்தது. அதை எழுதினால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

பம்மல் பழைய மரக்கடையிலிருந்து நிலையோடு பெயர்த்து வந்த தேக்குக் கதவு. துருப்பிடித்த பூட்டு தொங்கியது. கொக்கி தலைகீழாக இருந்தது. இறக்கிய அன்றே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதை அப்படித் தலைகீழாக அடித்தவர் அவள் அப்பா பட்டாபிராமன்.

2015 வெள்ளத்தில் தெருவெல்லாம் இடுப்பளவுத் தண்ணீர். பக்கத்து வீட்டாரோடு அப்பா முதல் படகிலேயே போய்விட்டார் என்று நினைத்து, திருட்டுக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டு அடுத்த படகில் ஏறினாள். அவரோ பின்னறையில் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இரவில் வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர் ஏறியது. மறுநாள் ஜன்னல் கம்பியை அறுத்துத்தான் அவர் உடலை எடுத்தார்கள். பூட்டு தண்ணீருக்கடியில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. "வரமாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சார்" என்று எல்லோரிடமும் சொன்னாள். இன்றுவரை அதையேதான் சொல்கிறாள், பாவி.

"மேடம்," என்று தச்சர் மோகன்ராஜ் வந்து நின்றார். "அந்தக் கதவு சும்மா செவுத்துல சாஞ்சிகினு கீது. உள்ளார்ந்து யாரோ தட்றாங்க. ஒருத்தனும் கிட்ட போவ மாட்றான்."

"எலியா இருக்கும்."

"எலி மூணு தபா தட்டிட்டு, நின்னு, திரும்ப மூணு தபா தட்டுமா? இன்னா மேடம் நீங்க!"

அப்பா அப்படித்தான் தட்டுவார்.

மே மாத வெயில் மண்டையைப் பிளந்தது. கதவின் கீழ்ப்பாதி மட்டும் நனைந்திருந்தது. "பூட்ட அறுத்துட்றேன். சாவிக்கு எங்க போறது?" என்று மோகன்ராஜ் அறுக்கும் மிஷினை எடுத்தார். அது உறுமியதும் கதவு கிடுகிடுவென்று ஆடியது. மிஷின் இன்னும் பூட்டைத் தொடவேயில்லை.

"நிறுத்துங்கண்ணா!" சின்மயி ஸ்கூட்டர் சாவிக்கொத்தை எடுத்தாள். இத்தனை வருடம் கழற்ற மனம் வராத சாவி ஒன்று அதில் இருந்தது. எண்ணெய் போட்டு வைத்ததுபோலப் பூட்டு திறந்துகொண்டது.

இருவருமாக நிலையை நகர்த்திப் பார்த்தார்கள். பின்னால் புதுச்சுவர் மட்டும்தான். நெஞ்சளவுக்கு ஈரமாக இருந்தது.

மோகன்ராஜ் அவள் கையையே பார்த்தார். "இதோட சாவி உங்ககிட்ட எப்படி மேடம்?"

"எங்க வீட்டுக் கதவுண்ணா. உள்ளே அப்பா இருந்தார்," என்றாள். "பூட்டினது நான்."