அரிசி டிரம்மில் அத்தி

அரிகிருஷ்ணனுக்குத் தெரியாத விஷயம் ஏம்பலத்தில் ஒன்றுமே கிடையாது. கரும்புக்கு எப்போது தண்ணீர் கட்டுவது, நெல்லுக்கு எப்போது யூரியா போடுவது, பக்கத்து வீட்டுக்காரன் எப்படிக் குடும்பம் நடத்துவது, எல்லாம் அத்துப்படி. கேட்டுக் கேட்டு அவன் மனைவி ஜெயசுதாவுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அந்த மேதாவி மதிக்காத ஒரே பயிர், கொல்லையில் அவள் வைத்திருந்த சீமை அத்தி. செல்லிப்பட்டில் இருக்கும் தங்கை அனிதா கொடுத்த குச்சி அது. தங்கை வீட்டில் ஒரே ஒரு பழம் தின்றிருக்கிறாள். உள்ளே செக்கச்செவேல் என்று, வெல்லப்பாகில் ஊறியது போல. அந்த ருசிக்காகத்தான் களிமண்ணைத் தோண்டிக் கொட்டிவிட்டு, மணலும் எருவும் கலந்து நட்டாள். மழைக்காலத்தில் வேர் அழுகாமலிருக்கச் சுற்றிலும் வடிகால் வெட்டினாள்.

"இன்னாடி இது, மாடுகூட மோந்து பாக்காது. அந்த எடத்துல ரெண்டு கரும்பு நட்டிருந்தாலும் கடிச்சி மென்னு துப்பலாம்" என்றான் அரிகிருஷ்ணன். போகிற போக்கில் எச்சிலை மட்டும் துப்பிவிட்டுப் போனான், செடியின் மேலேயே.

இந்தக் கோடையில் மரம் காய்த்தது. அணிலுக்குப் பயந்து ஒவ்வொரு காய்க்கும் பழைய புடவையில் பை தைத்துக் கட்டினாள். மகள் சரண்யாவுக்கு நெட்டப்பாக்கத்தில் நிச்சயமாகியிருந்தது. ஆவணியில் கல்யாணம். இந்த வீட்டுப் பெண்ணாக இருக்கும்போதே அவள் முதல் பழத்தைத் தின்றுவிட வேண்டும் என்பது ஜெயசுதாவின் ஆசை. வேறு பெரிய ஆசையெல்லாம் அவள் அந்த வீட்டில் வைத்துக்கொண்டதில்லை.

"காம்பு தளந்து, பழம் தலைய தொங்கப் போட்டாத்தான் பறிக்கணும். முன்னாடி பறிச்சா பால்தான் வடியும், பழுக்கவே பழுக்காது" என்று அனிதா சொல்லியிருந்தாள். ஜெயசுதா அதை அப்படியே புருஷனிடமும் சொல்லிவைத்தாள். அவன் பல் குத்திக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

மரத்தில் தொங்கிய பைகளைப் பார்த்து ஊரில் நாலு பேர் விசாரித்ததும், மாடுகூட மோந்து பார்க்காத செடி ஒரே நாளில் 'நம்ம தோட்டத்து அத்தி' ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகை விஷயம் பேச வரும் சம்மந்தி வீரமணியின் காதிலும் போன் போட்டு ஓதினான். வெட்கம் என்று ஒன்று அவனுக்கு வைத்துப் படைக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள், ஜெயசுதாவும் சரண்யாவும் வில்லியனூரில் டெய்லர் கடைக்குப் போய்விட்டு வந்தார்கள். மரத்தில் ஒரு காயும் கண்ணில் படவில்லை. துணிப்பைகள் தரையில் சிதறிக் கிடந்தன. காம்பு ஒடிந்த இடமெல்லாம் பால் வடிந்துகொண்டிருந்தது.

"இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அரிசி டிரம்முல போட்டு மூடி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம கமகமன்னு பழுத்துரும்."

"இது மாங்கா இல்ல. பறிச்சா பழுக்காதுன்னு தலபாடா அடிச்சிக்கினேனே!"

"வண்டி வண்டியா மாங்கா பழுக்க வெச்ச கையிடி இது. எனக்குச் சொல்லித் தர வந்துட்டா."

ஜெயசுதா தரையில் கிடந்த பைகளைப் பொறுக்கினாள். இந்த மனிதனிடம் போய் ஒரு பேச்சு சொன்னோமே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. டிரம்மை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனே சில்வர் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தான். காய்கள் வதங்கிச் சுருங்கி, அப்படியே பச்சையாக இருந்தன.

"நம்ம தோட்டத்து அத்தி, சம்மந்தி. நானே குச்சி கொண்டாந்து நட்டது. இது பச்சையாவே இருக்கிற ஜாதி."

வீரமணி மரியாதைக்கு ஒன்றைக் கடித்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். அவர் மனைவி வேலம்மாள் நாசூக்காகக் கையில் துப்பிக்கொண்டு, உதடு அரிக்கிறது என்று தண்ணீர் கேட்டாள்.

"இவ தங்கச்சி வூட்டுலேர்ந்து தூக்கியாந்த குச்சி, சம்மந்தி" என்றான் அரிகிருஷ்ணன், முகம் ஒரு துளிகூட மாறாமல். "ஆகாத ஜாதி. நான் அப்பவே சொன்னேன். நாளைக்கே வெட்டிப்புடறேன்."

ஜெயசுதா கொல்லைக்குப் போனாள். உச்சிக்கிளையில், இலை மறைவில், அவன் கண்ணில் படாமல் ஒரு பை தப்பியிருந்தது. கிளையை வளைத்துப் பையை அவிழ்த்தாள். பழம் கனிந்து, தோல் வெடித்து, அடியில் தேன் துளிர்த்திருந்தது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

கூடத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் அதைப் பிட்டாள். ஒரு பாதியைச் சரண்யாவின் வாயில் வைத்தாள். மறு பாதியை வேலம்மாளிடம் நீட்டினாள். வேலம்மாள் தயங்கித்தான் வாங்கினாள்.

"அடியம்மா, இன்னா இனிப்பு! இத போயி வெட்டுறதா? எனக்கு ஒரு குச்சி ஒடிச்சிக் குடுங்க சம்மந்தி."

சரண்யா கண்ணை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருந்தாள். அரிகிருஷ்ணனும் கையை நீட்டினான்.

"மரத்துல பழுத்தது அவ்ளோதான்" என்றாள் ஜெயசுதா. "நீங்க பழுக்க வெச்சது தட்டு நெறைய இருக்குதே. துன்னுங்க."

வீரமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அரிகிருஷ்ணன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தான்.