மாமா கழுவிய பாட்டில்

என் அக்கா வீட்டில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஒருவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். இன்னொருவர் துரை. துரை நாய்தான், ஆனால் கோபம் அவனுக்கும் உண்டு. புது சோபாவில் அவன் மறுபடி மறுபடி மூத்திரம் போனதுதான் காரணம்.

மாமா சுத்தப் பைத்தியம். கைப்பிடியைத் துடைக்காமல் கதவைத் திறக்க மாட்டார். தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "நோய்னா வைத்தியம் பாக்கலாம். கொழுப்புன்னா அவன் வேற வீடு பாத்துக்கட்டும்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாய் டாக்டரிடம் ஓடினாள். மூத்திரத்தைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொன்னார் அவர். பாட்டிலை மாமாவே கொண்டுவந்து நீட்டினார், கையுறை போட்டுக்கொண்டு.

ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சீழ் அணுக்களுக்கு நடுவே குச்சி குச்சியாக பாக்டீரியா. "மாட்டினீங்களாடா!" என்று வாய்விட்டே சொன்னேன். எந்த மருந்துக்கு அவை சாகும் என்று தெரிய வேண்டுமானால் முதலில் வளர்க்க வேண்டும். இன்னொரு சொட்டைக் கிருமி வளர்க்கும் தட்டில் தடவி, இளஞ்சூடான இன்குபேட்டர் பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. முடிவு கேட்டு வந்த மாமா தலையை ஆட்டினார். "ஒண்ணும் முளைக்கலையா? அப்போ கொழுப்புதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்த கூட்டம் எங்கே போயிருக்கும்? பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன். முந்தின நாள் அவசரத்தில் கவனிக்காத குளியலறைத் தரை வாசனை குப்பென்று அடித்தது.

"மாமா, இதை எதுல கழுவினீங்க?"

"தரை துடைக்கிற கிருமிநாசினியில ஊற வெச்சேன்மா," என்றார் பெருமையாக. "தண்ணி விட்டு அலசினா குழாய்க் கிருமி ஒட்டிக்கும்ல? அப்படியே கவுத்து வெச்சுட்டேன்."

"நாங்க தேடுற ஆளுங்களை வழியிலயே தீத்துக் கட்டிட்டீங்களே மாமா! செத்த கிருமியும் சாயத்துல தெரியும். ஆனா வளராதே!"

மாமாவுக்கு முகம் தொங்கிப்போனது.

இந்த முறை டாக்டர் யாரையும் நம்பவில்லை. துரையின் வயிற்றில் ஊசி குத்தி, மூத்திரப்பையிலிருந்தே நேராக எடுத்து அனுப்பினார். தட்டு நிறைய முளைத்தது. அதை வேறொரு தட்டில் பரப்பி, வேறு வேறு மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைத்தேன். மறுநாள் ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் பளிச்சென்று வட்டம் விழுந்திருந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வெளுப்பா படர்ந்திருக்கே, அவ்வளவும் கிருமியா?"

"ஆமா மாமா. இந்த வட்டத்துக்குள்ள மட்டும் வளரல. இந்த மருந்துதான் குடுக்கணும்."

கிருமி என்றாலே பத்தடி தள்ளி நிற்பவர், தட்டின் மேல் குனிந்து சிரித்தார். "அப்போ அவன் மேல தப்பே இல்லையே!" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

சாயங்காலம் அக்கா போனில் குசுகுசுவென்று பேசினாள். "உங்க மாமா தரையில உக்காந்து மாத்திரை குடுக்கறாருடி. தொரை சோபா மேல. கையெல்லாம் நக்கி வெச்சிருக்கான்."

"உடனே சோப்பு தேடியிருப்பாரே?"

"இல்லடி. இன்னும் துடைக்கக்கூட இல்ல."