ஐந்து வருஷத்து விளக்கு

உயிருள்ள பவளங்களும் சில மீன்களும் வளரும் கண்ணாடித் தொட்டியின் நான்கு டியூப் லைட்டில் இரண்டின் முனைகள் கறுத்துப்போயின. தொட்டி அவர் மனைவி ஆசைப்பட்டு வைத்தது. அவள் இறந்து இரண்டு வருஷமாகிறது. பல் செட் செய்யும் தன் பட்டறையிலிருந்து அவர் வீடு திரும்பினால், அங்கே அசைகிற ஜீவன் தொட்டிக்குள் மட்டும்தான்.

மகனிடம் போனில் யோசனை கேட்டார். இந்தக் காலத்தில் யார் டியூப் போடுகிறார்கள், எல்இடி வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறதென்று வைத்துவிட்டான்.

அலங்கார மீன் கடைக்காரம்மா இரண்டையும் பொறுமையாக விளக்கினாள். டியூப் வெளிச்சம் சீராக விழும், பவளங்களுக்கும் பழகியது. ஆனால் பத்து மாதத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். எல்இடிக்குக் கரண்டும் சூடும் குறைவு.

"இதை மாட்டிட்டா அஞ்சு வருஷத்துக்கு நீங்க இந்தப் பக்கமே வர வேணாம் அண்ணே."

அவள் நல்லதைத்தான் சொன்னாள். அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. நாள் முழுக்க அவருக்குச் சகவாசம் பல் செட்டுக்கு அச்செடுத்த பிளாஸ்டர் வாய்களோடு. அவை பதில் பேசுவதில்லை. அந்த வாரம் அவரிடம் பத்து வார்த்தை பேசியவள் இவள் ஒருத்திதான்.

"டியூபே குடும்மா" என்றார்.

ஏழாம் மாதமே, கறுக்காத டியூபுக்கு மாற்று கேட்டுப் போய் நின்றார். டியூப் வருவது நின்றுவிட்டதாம். வேறு வழியில்லாமல் எல்இடியை வாங்கிவந்து, அவள் சொன்னதைச் சரியாகக் காதில் வாங்காமல், முழு வெளிச்சத்தில் மாட்டினார். மூன்றே நாளில் கிளைப்பவளம் வெளுத்தது. மனைவி முதன்முதலில் வைத்த பவளம் அது. உடனே கடைக்குப் போன் செய்தார்.

அவள் மதியம் கடையை அடைத்துவிட்டு வந்து, வெளிச்சத்தைக் கால்வாசியாகக் குறைத்தாள்.

"மிரண்டுபோச்சு அண்ணே. வாரத்துக்குக் கொஞ்சமா கூட்டுங்க. சனிக்கிழமை சனிக்கிழமை போட்டோ அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்."

டீ கொடுக்க இரண்டாவது டம்ளரைத் தேடினார். மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தது. கழுவிக் கொடுத்தார். கால்மணி நேரத்தில் அவள் கிளம்பிவிட்டாள்.

கிளைப்பவளம் பிழைக்கவில்லை. மற்றவை இரண்டு மாதத்தில் நிறம் திரும்பின. சனிக்கிழமைதோறும் போட்டோ அனுப்பினார். பதிலுக்குப் போனில் ஒரு கட்டைவிரல் படம் வரும். ஒரு சனிக்கிழமை அனுப்பாமல் நேரிலேயே போனார். கடையில் நல்ல கூட்டம். அவள் தூரத்திலிருந்தே தலையசைத்தாள். அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, மீன் தீனி ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினார். வீட்டில் ஏற்கெனவே மூன்று பாக்கெட் பிரிக்காமல் இருந்தன.